பூப்பாத்திக்கு ஐஸு

மீன் இல்லக்கா, ஐஸு. மீனா இருந்தா இந்நேரம் ரயில் பெட்டியே நாறியிருக்குமே. சேலையில பட்டுருச்சா? அடடா. கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்குங்க, நான் சாக்க என் காலுக்கு அடியில இழுத்துக்கறேன். மரத்தூள் போட்டு ரெண்டு சாக்கு சுத்தித்தான் கட்டிக் குடுத்தான் ஐஸுக்காரன். ஜொகூர் பாரு டேசன்ல ஏத்தும்போது பாறாங்கல்லு மாதிரி இருந்துச்சு. இன்னும் கூலாய்கூட வரல, அதுக்குள்ள இப்படி ஒழுகுது பாருங்க.

செடெனாக்குல எறங்கணும். அங்கதான் எஸ்டேட்டு. நீங்க? குளுவாங்கா? மக வீட்டுக்கா, சரி சரி. அப்ப நான் எறங்கின அப்புறமும் உங்களுக்குப் பயணம் இருக்கு.

இல்லக்கா, கல்யாணமெல்லாம் இல்ல. சர்பத்துக்கும் இல்ல. சொன்னா சிரிப்பீங்க. பூச்செடிக்கு. ஆமா, செடிக்குத்தான். நீங்க சரியாத்தான் கேட்டீங்க, நானும் சரியாத்தான் சொன்னேன். எங்க வீட்டுல செடி ஐஸு திங்கும்.

சிரிங்க, சிரிங்க. எஸ்டேட்டே சிரிக்குது, நீங்க சிரிச்சா என்ன.

இவனா? செபஸ்தியன். செபஸ்தின்னு கூப்பிடுவோம். இப்பத்தான் நடக்கப் பழகறான். கைய தட்டிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான்கா, கன்னத்தத் தொடுங்க. தொட்டீங்கல்ல, பாருங்க, இப்பப் பாக்கறான். அப்படித்தான் அவன். சிரிச்சான்னா அப்படியே எங்கம்மா.

நான் இவ்வளவு பேசறவளே இல்லக்கா. எங்க எஸ்டேட்டுல வந்து கேட்டுப் பாருங்க, பெரிய கிராணி பொஞ்சாதிக்கு வாயில நாக்கு இருக்கான்னு அவுங்களே சந்தேகமாத்தான் சொல்லுவாங்க. ஆளக் கண்டா கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவேன். கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல மூணு வகுப்பு படிச்சேன், அங்கயும் டீச்சர் கேட்டா தெரிஞ்ச பதில் தொண்டையில நின்னுரும். ரயில்ல தனியா வந்ததே இன்னைக்குத்தான் முதல் தடவை. என்னமோ, நீங்க யாரோ, நான் யாரோ, செடெனாக்குல எறங்கிட்டா முடிஞ்சுது. அதான் வருது போல.

ஆமா, எங்க வீட்டுக்காரருதான் பெரிய கிராணி, ஆபிசு கிளார்க்குங்களுக்கெல்லாம் தலை. பேரா? பேர நான் எப்படிக்கா சொல்றது. ஆனா எங்க வீட்டுக்கு வந்தீங்கன்னா நான் சொல்ல வேண்டியதே இல்ல. தரையிலயே எழுதி வச்சிருக்காரு. அதச் சொல்லத்தான் வரேன்.

போன வருசம் இவருக்கு வேலை ஒசந்துச்சு. பழைய வீட்ட விட்டுட்டு, ஆபிசுக்குப் பக்கத்துலயே புதுசா ஒரு வீடு கட்டிக் குடுத்தாங்க. பலகை வீடு, தகரக் கூரை, தூண் மேல நிக்கும். முன்னாடி நல்லா அகலமா எடம். நான் வந்த அன்னைக்கே அந்த எடத்தப் பாத்து, கீரை போடலாம், நாலு வெண்டை போடலாம், மூலையில ஒரு முருங்கைக் கம்பு ஊனலாம்னு நெனச்சேன். ஊனியும் போட்டேன். முருங்கை துளிர்த்துருச்சு, கீரை ஒரு விரக்கடை வந்துருச்சு. ஒரு நாள் ஆபிசுலேருந்து வந்து பாத்தாரு. என்ன இது, கூலிக்கார லயத்து வீடு மாதிரின்னாரு. ரெண்டு ஆள விட்டுப் புடுங்கிப் போட்டுட்டாரு. முருங்கைக் கம்பயும் சேத்து.

வாடின கீரைய நானே கூட்டி அள்ளினேன். நான் என்னைக்கு என்ன சொன்னேன்.

அப்புறம் ஆரம்பிச்சாரு பாத்தி வெட்ட. தொரை பங்களாவுல இருக்கற மாதிரி வேணுமாம். ஒன்னு நெலா மாதிரி வட்டம். ஒன்னு சிலுவை. நடுவுல, வாசப்படிக்கு நேரா, அவரு பேரோட முத எழுத்து. இங்கிலீசுல. ஆர். ஆளு படுத்தா ரெண்டு ஆளு நீளத்துக்கு. கயிறு கட்டி, முளை அடிச்சு, அளந்து அளந்து வெட்டினாரு. நான் கெணத்துக்குப் போகணும்னா அந்த எழுத்தோட கால தாண்டிப் போகணும். வாயால சொல்லக்கூடாத பேர தெனம் காலால தாண்டறேன். இது எந்த ஊரு மரியாதைன்னு எனக்குத் தெரியல.

சுத்தி ஓரம் கட்டறதுக்கு பீரு போத்தல். தொரைமாரு கிளப்புக்குப் பின்னாடி குவிஞ்சு கெடக்குமே, அத மாட்டு வண்டியில ஏத்திட்டு வந்து, தலைகீழா மண்ணுல குத்தி வரிசையா நட்டாரு. வெயில்ல பச்சப் பச்சயா மின்னும். அழகுதான், இல்லன்னு சொல்லல. இவரு வாயில ஒரு சொட்டு வைக்காத மனுசன். ஆனா புதுசா வந்த ரப்பர் பால்வெட்டு ஆளுங்க வேலி ஓரமாப் போகும்போது நின்னு பாத்துட்டு, அலாமாக், இவ்வளவயும் பெரிய கிராணி ஒருத்தரேவா குடிச்சாருன்னு கேட்டுட்டுப் போறாங்க. அது அவரு காதுல விழல. பெருமை பேசறது தவிர அவரு காதுல எதுதான் விழுந்துச்சு.

வட்டத்துல காசித்தும்பை, சிலுவையில கோழிக்கொண்டை. அதெல்லாம் வளந்துச்சு, நம்ம ஊரு செடிதானே, மண்ணக் கண்டா மொளைக்கும். அந்த எழுத்துக்கு மட்டும் அவரு ஒன்னும் வைக்கல. பெருசா ஏதோ வரணும்னு காலியாவே வச்சிருந்தாரு. நாயி வந்து படுத்துக்கும்.

வந்துச்சு. கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட பழைய தொரை சீமைக்குக் கெளம்பினாரு. சாமான் கட்டற அன்னைக்கு நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். அந்தத் துரைசானிக்கு அவுங்க ஊருலேருந்து யாரோ ஒரு பெட்டி கெழங்கு அனுப்பியிருந்தாங்க. டூலிப்பாம். வெங்காயம் மாதிரியே இருக்கும்கா, தோலு, வேரு, எல்லாம். அந்தம்மா அதப் பாத்து சிரிச்சுட்டு, இந்த ஊருல இது எங்க பூக்கும், மாசக் கணக்கா பனிக்கு அடியில கெடந்தாத்தான் கண்ணு தொறக்கும்னு இவருகிட்ட இங்கிலீசுல சொல்லி, அந்தப் பெட்டிய குப்பைப் பக்கமா காலால தள்ளிவிட்டாங்க. நான் பாத்துக்கிட்டுதான் நிக்கறேன். இவரு பாஞ்சு போய், ரெண்டு கையாலயும் எடுத்து, நெத்தியில ஒத்திக்காத கொறைதான், தேங்க் யூ மேடம், தேங்க் யூ மேடம்ங்கறாரு. வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? போகும்போது துரைசானி எனக்குன்னு குடுத்த பரிசு இது. பெரிய கிராணிமாரு எத்தன பேரு இருக்காங்க, எனக்குத்தான் குடுத்தாங்க.

குப்பைக்குப் போனது. காலால தள்ளினது. நான் கண்ணால பாத்தது. நான் சொல்லல.

ம்? அதான் ஐஸு. பனி வேணும்னாங்கல்ல. பனின்னா என்ன, ஐஸுதானே. ஜொகூர் பாருல ஐஸு செய்யறான், ரயிலு தெனம் ஓடுது. வாராவாரம் சனிக்கெழமை ரயிலோட கார்டு பெட்டியில ஒரு கட்டி வந்து எறங்கும். ஒரு ஆளு தோள்ல தூக்கிட்டு வருவான், வீடு வந்து சேரும்போது அவன் முதுகெல்லாம் நனைஞ்சு, பாதி கட்டி வழியிலயே போயிருக்கும். இவரு சோலாத் தொப்பி போட்டுக்கிட்டு சுத்தியலோட நிப்பாரு. ஒடைச்சு, அந்த எழுத்து நெடுக வாய்க்கா மாதிரி பள்ளம் பறிச்சு, கெழங்குக்குப் பக்கத்துல ஐஸப் போட்டு, மேல மரத்தூளு, மேல சாக்கு, அதுக்கு மேல அத்தாப்பு ஓலையில ஒரு கூரை. ஏசு பொறந்த குடிலு மாதிரி. முட்டி போட்டுதான் உள்ள பாக்கணும். முட்டி போட்டுத்தான் பாப்பாரு.

கோயில்ல அவரு முட்டி போட்டு நான் பாத்ததில்ல, கால்சட்டை மடிப்பு கெட்டுரும்பாரு.

வேண்டாம்கா, நீங்க சாப்பிடுங்க. எனக்கு ஒரு சந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. இன்னைக்குப் பெரிய சனிக்கெழமையாச்சே. பழந்தானே, சரி, பிள்ளைக்கு ஒன்னு குடுங்க. அவன் கையில குடுங்க, வாங்கிக்குவான். நல்லா இருக்காப்பா? பாருங்க, எப்படி அமுக்கறான்.

எங்க விட்டேன். ஆங், குளிரு. குளிரு சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்? அதுக்கும் வழி கண்டுபிடிச்சாரு. எஸ்டேட்டு ஆசுபத்திரி டிரஸ்ஸரு ஐயாசாமி அண்ணன்கிட்ட காய்ச்சல் பாக்கற தர்மாமீட்டரு ஒன்னு இருக்கும். ஆயிரம் பேருக்கு அந்த ஒன்னுதான். ரெண்டு நாளைக்குக் குடுங்கன்னு வாங்கிட்டு வந்து மண்ணுல குத்தி வச்சுட்டாரு. காலையில எந்திரிச்சா சிலுவை போடறதுக்கு முந்தி அதத்தான் புடுங்கிப் பாப்பாரு. அது மனுச ஒடம்புக்குச் செஞ்சதுக்கா. மண்ணுக்கு அது என்ன காட்டும்? ஒன்னும் காட்டாது. ஆனா அவரு பாத்துட்டு, ம்ம், நல்லா இருக்குன்னு தலையாட்டுவாரு.

இதுக்கு நடுவுல கோயில்ல போய் பங்குச் சாமியாருகிட்ட வாயக் குடுத்துட்டாரு. ஈஸ்டர் பாஸ்கா திருநாளுக்கு மாதாவுக்கு முன்னாடி வைக்க சீமைப்பூ என் வீட்டுலேருந்து வரும் சாமின்னு. புதுத் தொரைகிட்டயும் சொல்லிட்டாரு. புதுத் துரைசானி அதக் கேட்டு ஆச்சரியப்பட்டு, நானே வந்து பாக்கறேன்னு சொல்லிருச்சாம். நாளைக்குத்தான் வர்றாங்க, பூசை முடிஞ்சு. சாமியாரும் கூட வர்றாரு. டீ, பிஸ்கோத்து, எல்லாம். எனக்கு ஒரு வாரமா பாடம் நடக்குது. குட் ஆஃப்டர்நூன் மேடம். சொல்லிட்டு உள்ள போயிரணுமாம். பிள்ளையத் தூக்கிட்டு முன்னாடி வராத, அழுது மானத்த வாங்கிருவான்னாரு.

அவன் அழவே மாட்டான்கா. இப்பல்லாம் சத்தமே போட மாட்டேங்கறான்.

பூத்துருச்சான்னு கேக்கறீங்களா? இருங்க, சொல்றேன். இந்த எடத்துலதான் கதையே.

ஈஸ்டருக்கு முந்தி வர்ற தவசு காலம் ஆரம்பிச்ச சமயம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துருச்சு. எஸ்டேட்டுக் காய்ச்சல், யாருக்குத்தான் வரல, ஆனா இவனுக்கு வந்தது நெருப்பு. தூக்கினா என் நெஞ்சு சுட்டுச்சு. ஐயாசாமி அண்ணன் ஓடி வந்தாரு. சட்டைப் பையத் தடவினாரு. தர்மாமீட்டரு எங்க? முன்னாடி மண்ணுல இருக்கு. நான் போய் புடுங்கி, கழுவி, என் முந்தானையில தொடச்சுக் குடுத்தேன். பிள்ளை கக்கத்துல வச்சுப் பாத்தாரு. பாத்துட்டு என்னைப் பாக்கல, சுவத்தப் பாத்துச் சொன்னாரு, தலைக்கு ஐஸு வைக்கணும்மா. மத்தவுங்க வீடா இருந்தா ஐஸுக்கு எங்க போவேன், உங்க வீட்டுலதான் இருக்கேன்னாரு.

இவரு வந்தாரு. நெத்தியத் தொட்டுப் பாத்தாரு. சுடுதுன்னாரு. அது எனக்கும் தெரியும். ஐஸுன்னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தை சொல்றதுக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நீங்க நம்ப மாட்டீங்க. அதுக்கு அவரு, இப்பத் தொறந்தா குளிரு விட்டுரும், இத்தன நாளு பட்ட பாடெல்லாம் வீணு, ஈரத்துணி போடு, ஐஸும் தண்ணிதானே, அடுத்த கட்டி வரட்டும் அப்புறம் பாக்கலாம்னாரு. சொல்லிட்டு வெளிய போனாரு. எதுக்கு? தர்மாமீட்டரு புடுங்கின ஓட்டைய மூட. யாரு இதப் புடுங்கினதுன்னு வெளியிலேருந்து சத்தம் வேற.

ராப்பூரா ஈரத்துணி போட்டேன். போடப் போட காஞ்சுது.

மறுநா மத்தியானம் அவரு ஆபிசுல இருக்காரு. பிள்ளைக்குக் கண்ணு மேல சொருகி, கை கால் வெட்டி இழுத்துருச்சு. நான் அப்ப யோசிக்கலக்கா. அவன வாசப்படியில ஒரு துணியில போட்டேன். அத்தாப்பப் பிச்சு எறிஞ்சேன், சாக்க எறிஞ்சேன், ரெண்டு கையாலயும் மண்ணத் தோண்டினேன். அந்த ஆர் எழுத்து நெடுக நல்லா தோண்டினேன். ஐஸு எங்க இருக்கு? அங்க மாங்கொட்டை அளவு, இங்க எலுமிச்சங்கா அளவு, அவ்வளவுதான் மிச்சம். மண்ணும் மரத்தூளுமா அள்ளி துணியில முடிஞ்சு அவன் தலைக்கு வச்சேன். அவனுக்கு இழுப்பு நின்னுச்சு. சாயங்காலத்துக்குள்ள சூடு கொறைஞ்சு தூங்கிட்டான். மாதா புண்ணியம்.

அப்பத்தான் என் கையப் பாத்தேன். ஒரே நாத்தம். ஐஸோட சேந்து கெழங்கும் கையில வந்திருக்கு. எல்லாம் அழுகிப் போச்சுக்கா. கூழு. தொட்டா வெள்ளையா வழியுது. ஒன்னு விடாம தோண்டிப் பாத்தேன், ஒன்னுகூட உசுரோட இல்ல. எத்தன நாளுக்கு முந்தியே செத்துச்சோ. அந்த அழுகலுக்குத்தான் வாராவாரம் ரயில்ல ஐஸு. அந்த அழுகலுக்குத்தான் குளிரு விட்டுரக் கூடாது.

பயம் வந்துருச்சு. தோண்டினதுல நான்தான் கெடுத்துட்டேன்னுதானே சொல்லுவாரு? இவரு வர்ற நேரம். அடுப்படிக்கு ஓடினேன். கூடையில பம்பாய் வெங்காயம் கெடந்துச்சு.

ஆமா.

ஆமாக்கா, அதேதான். வெங்காயம். வரிசையா வச்சு, மண்ணப் போட்டு, சாக்கப் போட்டு, கூரைய நிமித்தி வச்சுட்டு கைய கழுவிட்டேன். இருங்க, குலுங்கிச் சிரிக்காதீங்க, உங்க மேல சாஞ்சு இவன் தூங்கப் போறான்.

ஒரு வாரமோ என்னமோ. ஒரு நாள் காலையில கத்திக்கிட்டு உள்ள ஓடி வந்தாரு, வந்துருச்சுடீ, வந்துருச்சுடீன்னு. என் திருட்டக் கண்டுபிடிச்சுட்டாருன்னு நெனச்சேன். என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் காட்டறாரு. பச்சையா முளை. கண்ணுல தண்ணி அவருக்கு. பெத்த பிள்ளை முத அடி எடுத்து வச்சப்ப, ம்ம், அப்படியான்னுட்டு பேப்பரு படிச்சவரு.

அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னுதானே கேக்கறீங்க? அடுப்படிப் பக்கம் வந்தாத்தானே தெரியும். வதங்கி தட்டுல வந்தாத்தான் அவருக்கு வெங்காயம். அதுக்கு ஒரு தாளு இருக்கு, வாசம் இருக்குன்னெல்லாம் அவருக்கு யாரு சொல்றது. வாசம் வருதேன்னு அவரே ஒரு நாள் கேட்டாரு. நான் அடுப்பக் காட்டினேன்.

வேலையாளுங்கள மேய்க்கற மண்டோரு காளியப்பனக் கூப்பிட்டுக் காட்டினாரு. அந்த மனுசன் குனிஞ்சு பாத்தாரு. மோந்து பாத்தாரு. நிமிந்து, கதவுக்குப் பின்னாடி நிக்கற என்னை ஒரு பார்வை பாத்தாரு. பாத்துட்டு, மீசையத் தடவிக்கிட்டு, ஐயா சொன்னா சீமைப்பூதானுங்கன்னுட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள லயம் பூரா தெரிஞ்சு போச்சு. பேச்சியம்மான்னு ஒரு பால்வெட்டு அம்மா, என்கிட்ட அதுவரைக்கும் பேசினதே இல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, கிராணியம்மா, சாமிக்குப் போட்டது போக மிச்சம் பூவுல ஒரு சாம்பாரு வைப்பீங்களான்னு கேட்டுச்சு. நானும் சிரிச்சுட்டேன். புது வீட்டுக்கு வந்து நான் சிரிச்சது அன்னைக்குத்தான்.

எஸ்டேட்டுல எல்லாருக்கும் தெரியும், அவரு ஒருத்தரத் தவிர. யாரும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? நான் மட்டும் எதுக்குச் சொல்லணும்? முதல்ல பயத்துல சொல்லல, அப்புறம் பாத்துக்கிட்டே இருக்கணும் போல ஆயிருச்சு. ஐஸு மட்டும் நிக்கல. வெங்காயத்துக்கு வாராவாரம் ஐஸு. இப்ப ஒன்னுல தண்டு வந்து, உச்சியில கூம்பா ஒரு மொட்டும் வந்துருச்சு. நாளைக்கு விரிஞ்சுரும்ங்கறாரு. நேத்து பெரிய வெள்ளி, ஐஸுக்காரன் கடை மூடிட்டான், அதனால இன்னைக்கு வண்டியில வராது. இவரு பதறிட்டாரு. கடைசி நாளு சூடு பட்டா மொட்டு கருகிருமாம். அவருக்குப் போத்தலெல்லாம் கழுவித் தொடைக்கணும், வர முடியாது. நீயே போய் வாங்கிட்டு வான்னாரு. பிள்ளைய யாருகிட்ட விடறதுன்னேன். தூக்கிட்டுப் போ, அதான் தூங்கிட்டே இருக்கானேன்னாரு.

சொல்லாமயே எனக்கு வழி தொறந்துச்சு. ஐஸு வாங்க எவ்வளவு நேரம் ஆவும்? நான் முதல்ல பெரிய ஆசுபத்திரிக்குத்தான் போனேன்.

காய்ச்சல் இல்லக்கா இப்ப. ஒடம்பு சுடுதான்னு தொட்டுப் பாருங்க. நல்லாத்தான் இருக்கான். திங்கறான், தூங்கறான். நீங்க ஏறினதுலேருந்து எத்தன தரம் செபஸ்தி செபஸ்தின்னு கூப்பிட்டீங்க. கைய தட்டினீங்க. கூலாய்ல ரயிலு கூவினப்ப நீங்களே தூக்கி வாரிப் போட்டு நெஞ்சப் பிடிச்சீங்க. இவன் பாருங்க, பழத்தோலி கையில, அப்படியே கெடக்கான்.

கேக்காதுக்கா அவனுக்கு.

பேச்சியம்மாதான் முதல்ல சொல்லுச்சு. ஒரு தகரத் தட்ட இவனுக்குப் பின்னாடி நின்னு அடிச்சுட்டு, தாயி, பிள்ளையக் கொண்டு போய்க் காட்டுன்னுச்சு. இன்னைக்கு டாக்டரும் அதையேதான் செஞ்சாரு, தட்டுக்குப் பதிலா மணி. இந்தக் காதுக்கிட்ட, அந்தக் காதுக்கிட்ட. இவன் என் கழுத்துச் சங்கிலிய வச்சு வெளையாடிக்கிட்டே இருந்தான். ஆயா ஒன்னு தமிழுல எடுத்துச் சொல்லுச்சு. காய்ச்சலு மூளைக்கு ஏறினதுல போயிருச்சாம். இனி வராதாம். ஒரு நாள் முந்தி ஐஸு வச்சிருந்தா நின்னுருக்குமான்னு கேட்டேன். டாக்டரு முன்னாடி என் வாயி தொறந்துச்சு, பாத்துக்குங்க. அப்படிச் சொல்ல முடியாதும்மான்னாரு. சொல்ல முடியாதுன்னா, ஆமான்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. அத வச்சுக்கிட்டு நான் வெளிய வந்தேன். வந்து, ஐஸுக் கடைக்குப் போய் வரிசையில நின்னு, இத வாங்கினேன். சொன்ன வேலைய செஞ்சுதானே பழக்கம்.

அழல, அழல. நீங்களும் அழாதீங்கக்கா. ஆசுபத்திரி வாசல்லயே அழுது முடிச்சுட்டேன்.

அவருக்கா? தெரியாது. அந்தச் செடியில எத்தன தாளு, ஒவ்வொரு தாளு எத்தன விரக்கடைன்னு கேளுங்க, சொல்லுவாரு. பிள்ளை கூப்பிட்டா திரும்பலன்னா, திமிரு, என்னை மாதிரிம்பாரு. ஆள் இருந்தா இப்படி. ஆள் இல்லாதப்ப, மந்தம், உன்னை மாதிரி. அவ்வளவுதான் கண்டது அவரு. ரோலண்டு. பெரிய கிராணி ரோலண்டு. பாருங்க, பேரச் சொல்லிட்டேன். ஒன்னும் ஆகல. ரயிலு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

செடெனாக் வந்துருச்சு. இல்லக்கா, சாக்க எடுக்காதீங்க. அது கெடக்கட்டும். குளுவாங் வரைக்கும் தாங்கும், பாதியாவது தாங்கும். பேரப்பிள்ளைங்க இருக்காங்கன்னீங்கல்ல, நன்னாரி சர்பத்துல போட்டுக் குடுங்க. செபஸ்தி குடுத்ததுன்னு சொல்லுங்க. எனக்கு இவன் ஒருத்தன தூக்கிட்டு எறங்கினாப் போதும்.

இல்ல, நான் ஒன்னும் சொல்லப் போறதில்ல. வெங்காயத்தப் பத்தி நாளைக்கு அந்தத் துரைசானி குனிஞ்சு பாத்துட்டு சொல்லட்டும், சாமியாரு முன்னாடி, அவுங்க இங்கிலீசுலயே. இத... இவன் காதப் பத்தியும் நான் சொல்ல மாட்டேன்.

அந்தா, தொப்பி தெரியுதா? அவருதான். கண்ணப் பாருங்க, சாக்கு எங்கன்னு தேடுது. டேசன் மாஸ்டரு பக்கத்துல நிக்கறாருல்ல, அதனால இப்பக் கைய ஒசத்தி பிள்ளை பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. நாலு பேரு பாத்தா கூப்பிடுவாரு.

கூப்பிடட்டும்கா. நல்லா சத்தமாக் கூப்பிடட்டும்.